ஃப்ரெஷ்மன் டார்ம் தேர்ந்தெடுப்பது எப்படி: ஒரு முன்னாள் ஆர்.ஏ. சொல்வது

அமெரிக்கக் கல்லூரியில் சீட் கிடைத்து, மே 1-க்குள் டெபாசிட்டும் கட்டியாயிற்று என்றால் அடுத்த தலைவலி டார்ம், அதாவது கல்லூரி விடுதி. பத்துப் பன்னிரண்டு கட்டடங்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு போட்டோ (இரண்டிலுமே ஜன்னலில் நல்ல வெயில், படுக்கையில் மடிக்கணினியோடு சிரிக்கும் ஒரு மாணவி), கீழே ஒரு கட்டணப் பட்டியல், அப்புறம் "உங்கள் விருப்பத்தை வரிசைப்படுத்துங்கள்" என்று ஒரு படிவம். இதை வைத்து ஒன்பது மாதம் எங்கே இருக்கப் போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும்.

நான் இரண்டு வருடம் ஆர்.ஏ.வாக (ரெசிடென்ட் அசிஸ்டென்ட்) இருந்தேன். ஒரு மாடியில் இருக்கும் முப்பது சொச்சம் முதல் வருடப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சீனியர் மாணவர்தான் ஆர்.ஏ.; பாதி அண்ணன், பாதி வார்டன். யார் சந்தோஷமாக இருந்தார்கள், யார் அக்டோபரிலேயே ரூம் மாற்றிக் கொடு என்று வந்து நின்றார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் புதுக் கட்டடம், தனி பாத்ரூம், பெரிய அறை என்ற வரிசையில்தான் பார்க்கிறார்கள். இவற்றைக் கடைசியில் வையுங்கள் என்பேன். முதலில் பார்க்க வேண்டியது இரண்டு: காலையில் வகுப்புக்கு எவ்வளவு தூரம், அறைக் கதவைத் திறந்தால் எதிரே யார் வருவார்கள்.

முதலில் உங்களுக்குத் தேர்வு உண்டா என்று பாருங்கள்

எல்லா இடத்திலும் தேர்வு கிடையாது. ஹார்வர்டில் முதல் வருடத்தினர் யார்ட் என்ற பழைய மைய வளாகத்திலும் அதை ஒட்டிய கட்டடங்களிலும் இருப்பார்கள், எந்தக் கட்டடம் என்பதைப் பல்கலைக்கழகமே ஒதுக்கிவிடும். யேலிலும் ரைஸிலும் ரெசிடென்ஷியல் காலேஜ் முறை, அதாவது மாணவர்களைச் சிறு சிறு விடுதிச் சமூகங்களாகப் பிரித்துவிடுவார்கள். எந்தக் காலேஜ் என்பது பல்கலைக்கழகம் போடுவதுதான். எம்.ஐ.டி. இதற்கு நேர் எதிர். அங்கே ஒவ்வொரு டார்முக்கும், சில இடங்களில் ஒவ்வொரு மாடிக்குமே ஒரு குணம் உண்டு, அங்கே இருப்பவர்களே தங்கள் டார்மைப் பற்றி வீடியோ எடுத்துப் போடுவார்கள், அதைப் பார்த்துவிட்டு நீங்கள் வரிசைப்படுத்தலாம் (பூனை வளர்க்க அனுமதிக்கும் டார்ம்கூட உண்டு). பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும். இல்லினாயின் அர்பானா-ஷாம்பெயின் வளாகத்தில் முதல் வருடத்தினர் பொதுவாகப் பல்கலைக்கழக விடுதியிலோ அது சான்று கொடுத்த தனியார் விடுதியிலோதான் இருக்க வேண்டும். அதற்குள் உங்கள் விருப்பத்தைச் சொல்லலாம்.

அதனால் ஹவுசிங் போர்ட்டலை (விடுதிக்கு விண்ணப்பிக்கும் இணையதளம்) திறந்ததும் போட்டோ பக்கத்துக்குப் போகாமல் விதிகள் இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இடம் ஒதுக்குவது விண்ணப்பித்த வரிசையிலா, குலுக்கலிலா? வரிசை என்றால் போர்ட்டல் திறக்கும் நாளிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும், கல்லூரியை இன்னும் முடிவு செய்யாவிட்டாலும்கூட. பல இடங்களில் டெபாசிட் கட்டுவதற்கு முன்பே ஹவுசிங் விண்ணப்பம் போட அனுமதி உண்டு. விண்ணப்பக் கட்டணம் திரும்பி வராது, போனால் போகட்டும். குலுக்கல் என்றால் அவசரமே இல்லை, கடைசித் தேதிக்குள் போட்டால் போதும், நடு ராத்திரி கண் விழித்து முதல் ஆளாகப் போட்டு ஒரு பிரயோஜனமும் கிடையாது.

தூரம்: மேப்பைத் திறந்து நிஜமாகவே அளந்து பாருங்கள்

இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். "நான் இன்ஜினியரிங், அதனால் இன்ஜினியரிங் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டார்ம்" என்று கணக்குப் போடுகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் வருடத்தில் நீங்கள் உங்கள் துறைக் கட்டடத்துக்குள் நுழைவதே குறைவு. கால்குலஸ், வேதியியல், இயற்பியல், எழுத்து வகுப்பு என்று எல்லோருக்கும் பொதுவான பாடங்கள்தான் அதிகம், அவை நடக்கும் பெரிய ஹால்கள் வேறு எங்கேயோ இருக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆன் ஆர்பரில் இன்ஜினியரிங் கல்லூரி நார்த் கேம்பஸில் இருக்கிறது, அங்கேயே பர்ஸ்லி என்று பெரிய டார்மும் இருக்கிறது. ஆனால் முதல் வருடப் பாடங்கள் பல சென்ட்ரல் கேம்பஸில். நடுவே பஸ். ஜனவரிப் பனியில் அந்த பஸ்ஸுக்காக நிற்பது போட்டோவில் வராது. பர்ஸ்லி மோசமான டார்ம் என்று சொல்லவில்லை, அங்கே இருந்தவர்கள் பலர் அந்த மாடியைக் குடும்பம் மாதிரி பேசுவார்கள். தெரிந்து போடுவதும் தெரியாமல் போடுவதும் வேறு, அவ்வளவுதான்.

நியூ ஜெர்சியில் ரட்கர்ஸின் நியூ பிரன்ஸ்விக் வளாகத்திலும் இதே கதைதான், இன்னும் சிக்கலாக. புஷ், லிவிங்ஸ்டன், காலேஜ் அவென்யூ, குக்-டக்ளஸ் என்று வளாகமே துண்டு துண்டாக, நடுவே ராரிட்டன் ஆறு, எல்லாவற்றையும் இணைப்பது பல்கலைக்கழக பஸ். இன்ஜினியரிங் புஷ்ஷில், பிசினஸ் லிவிங்ஸ்டனில். இங்கே எந்தக் கட்டடம் என்பதைவிட எந்தக் கேம்பஸ் என்பதுதான் கேள்வி. இல்லினாயில் ஃபுளோரிடா அவென்யூ ரெசிடென்ஸ் ஹால்ஸ் என்று ஒன்று, வளாகத்தின் தென்கிழக்கு ஓரத்தில். சுருக்கினால் ஃபார், ஆங்கிலத்தில் அதற்குப் பொருளே தொலைவு. பெயரே எச்சரிக்கிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். உங்கள் மேஜரின் (முதன்மைப் பாடத்தின்) முதல் செமஸ்டர் பாடங்களைப் பட்டியல் போடுங்கள். போன வருடம் அந்த வகுப்புகள் எந்தக் கட்டடத்தில் நடந்தன என்பது பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் பாட அட்டவணையிலேயே இருக்கும். மேப்பில் டார்மிலிருந்து அந்தக் கட்டடத்துக்கு நடக்கும் நேரத்தைப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் என்றால் பிரமாதம், பதினைந்து பரவாயில்லை, இருபதுக்கு மேல் போனால் ஒரு விஷயம் நடக்கும்: இரண்டு வகுப்புக்கு நடுவே அறைக்குத் திரும்ப மாட்டீர்கள். காலை எட்டரைக்குக் கிளம்பினால் ராத்திரிதான் திரும்புவது. சிலருக்கு அது நல்லது, லைப்ரரியில் உட்கார்ந்து படித்துவிடுவார்கள். மதியம் அரை மணி நேரம் கண்ணை மூடினால்தான் மூளை ஓடும் என்கிற ரகம் என்றால் தூரமான டார்ம் வேண்டவே வேண்டாம். அதே மேப்பில் டைனிங் ஹால் எங்கே என்பதையும் பாருங்கள். அந்த டைனிங் ஹால் சனி ஞாயிறு திறந்திருக்கிறதா, ராத்திரி எத்தனை மணிக்கு மூடுகிறது, சைவம் சாப்பிடுபவர் என்றால் சாலட் தவிர வேறு என்ன போடுகிறார்கள் என்பதெல்லாம் தினசரி மெனுவில் இருக்கும். வகுப்பைவிட அதிக தடவை நீங்கள் போகப்போகும் இடம் அது.

காரிடாரா, சூட்டா, அபார்ட்மென்டா

டார்ம்களை வடிவத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம். நீளமான காரிடார், இரண்டு பக்கமும் அறைகள், கோடியில் எல்லோருக்கும் பொதுவான பாத்ரூம்: இது பழைய பாணி. இரண்டு மூன்று அறைகளுக்கு ஒரு பாத்ரூம், சில நேரம் ஒரு சின்ன ஹால்: இது சூட். சமையலறையோடு வீடு மாதிரி இருந்தால் அபார்ட்மென்ட்.

காமன் பாத்ரூம் என்றதுமே வீட்டில் அம்மா அப்பா முகம் சுளிப்பார்கள், பிள்ளைகளும்தான். ஆனால் என் அனுபவத்தில் முதல் வருடத்துக்குக் காரிடார் டார்ம்தான் நல்லது. காரணம் ரொம்ப சாதாரணம். பல் தேய்க்கப் போகும்போது நாலு பேரைப் பார்க்கிறீர்கள். தண்ணீர் பிடிக்கப் போகும்போது இரண்டு பேர். கதவைத் திறந்து வைத்தால் போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்த்து "டைனிங் ஹால் வர்றியா?" என்கிறார்கள். முதல் ஆறு வாரத்தில் இப்படித்தான் நட்பு பிடிக்கும், யாரும் திட்டம் போட்டுப் பிடிப்பதில்லை. நான் ஆர்.ஏ.வாக இருந்த ஒரு வருடம் புத்தம் புதுச் சூட் கட்டடத்தில். ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு கதவு, அந்தக் கதவு தானாகவே மூடிக்கொள்ளும். செப்டம்பர் கடைசியில் ஒரு பையன் என் கதவைத் தட்டி, பக்கத்து சூட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். ஐந்து வாரமாக ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்திருக்கிறார்கள்.

சூட்டில் இன்னொன்றும் யாரும் சொல்வதில்லை. காமன் பாத்ரூமைப் பெரும்பாலும் துப்புரவுப் பணியாளர்கள் வந்து சுத்தம் செய்வார்கள். சூட்டுக்குள் இருக்கும் பாத்ரூமைப் பல இடங்களில் நீங்கள்தான் கழுவ வேண்டும், டாய்லெட் பேப்பர்கூட நீங்கள்தான் வாங்க வேண்டும். நாலு பதினெட்டு வயதுப் பிள்ளைகள், ஒரு பாத்ரூம், யார் கழுவுவது என்று ஒரு அட்டவணை. வடிகாலில் முடி அடைத்துக்கொண்டு தண்ணீர் கணுக்கால் வரை நிற்க, அது யார் முடி என்று நடந்த பஞ்சாயத்தை நான் தீர்த்து வைத்திருக்கிறேன். தீர்த்து வைத்தேன் என்பதும் பொய், நானே போய் எடுத்துப் போட்டேன்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. கொலம்பியாவில் கார்மன் என்ற டார்மில் இரண்டு டபுள் (இருவர் தங்கும்) அறைகளுக்கு ஒரு பாத்ரூம், சூட் மாதிரிதான், ஆனால் முதல் வருட டார்ம்களில் கலகலப்புக்குப் பெயர் போனது அதுதான். அதே வளாகத்தில் ஜான் ஜே என்ற டார்ம் காரிடார் பாணி, ஆனால் பெரும்பாலும் தனி அறைகள். கட்டடத்திலேயே டைனிங் ஹால் இருக்கிறது. அதனால் வடிவத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், எத்தனை பேர் முதல் வருடத்தினர் என்பதையும் பாருங்கள். முழுக்க முதல் வருடத்தினர் இருக்கும் கட்டடத்தில் எல்லோருக்குமே யாரையும் தெரியாது, அது பெரிய வசதி. சீனியர்கள் கலந்திருக்கும் அபார்ட்மென்டில் அவர்களுக்கு ஏற்கெனவே கூட்டம் இருக்கும், உங்களைக் கூப்பிட மறந்துவிடுவார்கள், கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது.

தனி அறை வேண்டும் என்பவர்களுக்கு: தூக்கம் ரொம்ப லேசு, உடல்நிலை காரணம், மனசுக்குத் தனிமை தேவை என்றால் தாராளமாகப் போடுங்கள். மருத்துவக் காரணம் என்றால் சாதாரணப் படிவத்தில் எழுதிப் பயனில்லை, டிஸபிலிட்டி சர்வீஸஸ் (மாற்றுத்திறனாளிகளுக்கான) அலுவலகத்துக்கு மருத்துவர் கடிதத்தோடு தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதன் கடைசித் தேதி முன்னதாகவே வந்துவிடலாம். ஆஸ்துமாவுக்கு ஏசி அறை கேட்பதும் இந்த வழியில்தான். கூச்ச சுபாவம், அதனால் சிங்கிள் என்றால் மட்டும் இன்னொரு தடவை யோசியுங்கள். கூச்சப்படுபவருக்குத்தான் ரூம்மேட் அதிகம் உதவுவார். முதல் வாரம் டைனிங் ஹாலில் எதிரே உட்கார ஒரு ஆளாவது இருக்கும்.

ட்ரிபிள் பற்றி ஒரு வார்த்தை. மூன்று பேருக்காகவே கட்டிய ட்ரிபிள் ஒன்று, டபுள் அறையில் மூன்றாவது கட்டிலைத் திணித்த ட்ரிபிள் இன்னொன்று. கட்டணம் குறைவாக இருக்கும். எடுப்பதற்கு முன் சதுர அடியைப் பாருங்கள், அலமாரி இரண்டா மூன்றா என்று கேளுங்கள். காசு முக்கியம் என்றால் எடுக்கலாம், தப்பில்லை; யாராவது சேராமல் போனால் செமஸ்டர் நடுவே மூன்றாவது ஆளை வேறு இடத்துக்கு மாற்றுவதும் உண்டு.

ரூம்மேட் படிவத்தை நீங்களே நிரப்புங்கள்

ஒரு பையன், பெயர் வேண்டாம். படிவத்தில் "இரவு பத்து மணிக்குத் தூங்குவேன், அறையை மிகவும் சுத்தமாக வைப்பேன், சத்தம் பிடிக்காது" என்று இருந்தது. அதை வைத்து நிஜமாகவே பத்து மணிக்குத் தூங்கும் ஒருவனோடு சேர்த்துவிட்டார்கள். இவனோ விடிகாலை மூன்று வரை கேம், ஹெட்போனில் கத்தல், கட்டிலுக்கடியில் ஒரு வாரத்து நூடுல்ஸ் கப். இரண்டு பேரையும் உட்கார வைத்துப் படிவத்தைக் காட்டினேன். அவன் அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தான், "இது எங்க அம்மா நிரப்பினது" என்றான்.

ஆகவே பெற்றோரே, விரலை எடுங்கள். மாணவர்களே, நீங்கள் ஆக விரும்பும் ஆளைப் பற்றி எழுதாதீர்கள், இப்போது இருக்கும் ஆளைப் பற்றி எழுதுங்கள். தூங்கும் நேரம், சுத்தம், ஆட்களை அறைக்குக் கூட்டி வருவது இந்த மூன்றில் பொய் சொல்லாமல் இருந்தால் போதும். இசை ரசனை, பிடித்த படம் எல்லாம் பொருந்தாவிட்டால் ஒன்றும் ஆகாது. ஒரே மேஜர் ரூம்மேட் வேண்டும் என்று அடம் பிடிக்கவும் தேவையில்லை. டார்ட்மத் கல்லூரியில் ரூம்மேட்டுகள் கிட்டத்தட்டக் குலுக்கல் போல ஒதுக்கப்பட்டதை வைத்து புரூஸ் சாசர்டோட் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 2001-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ரூம்மேட்டின் தாக்கம் மார்க்கிலும் ஃப்ரடர்னிட்டி (மாணவர் சங்கம்) மாதிரிக் குழுக்களில் சேருவதிலும் தெரிந்தது, எந்த மேஜர் எடுக்கிறார்கள் என்பதில் தெரியவில்லை. படிக்கிற ஆள் பக்கத்துக் கட்டிலில் இருந்தால் போதும், என்ன படிக்கிறான் என்பது அவன் பாடு.

ஏற்கெனவே தெரிந்த நண்பனையே ரூம்மேட்டாகப் போடலாமா என்று கேட்பார்கள். அனுமதித்தால் போடலாம், ஆனால் நான் போட மாட்டேன். டியூக் பல்கலைக்கழகம் 2018-ல் சேர்ந்தவர்கள் முதல், முதல் வருடத்தினர் தாங்களே ரூம்மேட் தேர்ந்தெடுப்பதையே நிறுத்தியது, ஒரே மாதிரிப் பின்னணி உள்ளவர்கள் தங்களுக்குள்ளேயே ஜோடி சேர்ந்துகொள்கிறார்கள் என்று. அந்த வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். நல்ல நண்பன் மோசமான ரூம்மேட் ஆனால் இரண்டும் போய்விடும். பக்கத்து டார்மில் நண்பனாக இருக்கட்டும்.

லிவிங் லேர்னிங் கம்யூனிட்டி என்று ஒரு பெட்டியும் படிவத்தில் இருக்கும்: ஒரே ஆர்வம் உள்ளவர்கள் ஒரே மாடியில், சேர்ந்து சில வகுப்புகளும். மிச்சிகனின் ரெசிடென்ஷியல் காலேஜ் என்ற திட்டம் 1967-லிருந்து இப்படி நடக்கிறது, ஈஸ்ட் குவாட் என்ற டார்மில். ஆர்வம் இருந்தால் ரொம்ப நல்லது. நல்ல கட்டடம் கிடைக்குமே என்று மட்டும் டிக் அடித்தால் வாராவாரம் அந்த வகுப்புகளில் உட்கார வேண்டியவர் நீங்கள்தான்.

சின்ன விஷயங்கள், பெரிய எரிச்சல்கள்

ஏசி இருக்கிறதா? வடகிழக்கிலும் மிட்வெஸ்டிலும் பழைய டார்ம்கள் பலவற்றில் கிடையாது. ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் வேகும், அப்புறம் மறந்துவிடும். அதற்காக மட்டும் நல்ல டார்மைத் தள்ள வேண்டாம், ஒரு டேபிள் ஃபேன் போதும்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது: குளிர்கால விடுமுறையில் டார்ம் திறந்திருக்குமா? பல டார்ம்களை டிசம்பரில் மூடிவிடுவார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள், நீங்கள் மூன்று வாரத்துக்கு எங்கே போவீர்கள்? சில பல்கலைக்கழகங்களில் குறிப்பிட்ட கட்டடங்கள் மட்டும் திறந்திருக்கும், அந்தப் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுத்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அலைய வேண்டாம்.

ரைஸ் குக்கரை அறையில் வைக்கலாம் என்று நினைத்திருந்தால் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலைப் படித்துவிடுங்கள். பல இடங்களில் அது ஹாட் பிளேட்டோடு சேர்த்துத் தடையில் இருக்கும். மாடியில் பொதுச் சமையலறை இருக்கிறதா என்று பாருங்கள். அபார்ட்மென்ட் டார்மில் சமையலறை இருந்தாலும் முதல் வருடத்தினர் மீல் பிளான் (டைனிங் ஹால் சாப்பாட்டுத் திட்டம்) வாங்கியே ஆக வேண்டும் என்று சில இடங்களில் விதி உண்டு, அப்படியானால் இரண்டுக்கும் காசு.

பாதுகாப்பு விஷயத்தில் யாரையும் கேட்கத் தேவையில்லை, ஆவணமே இருக்கிறது. 1986 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் ஜீன் கிளேரி என்ற 19 வயது முதல் வருட மாணவி தன் டார்ம் அறையிலேயே கொல்லப்பட்டார். தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டிய கதவுகள் பீட்சா பெட்டியை முட்டுக் கொடுத்துத் திறந்து கிடந்தன. அவர் பெற்றோரின் போராட்டத்தால் 1990-ல் வந்த சட்டம்தான் இன்று கிளேரி சட்டம். மத்திய அரசின் மாணவர் நிதியுதவித் திட்டங்களில் இருக்கும் கல்லூரிகள் எல்லாம் ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள் பாதுகாப்பு அறிக்கை வெளியிட வேண்டும். வளாகத்துக்குள் டார்ம் இருந்தால் தீப் பாதுகாப்பு அறிக்கையும் வேண்டும், எந்தக் கட்டடத்தில் ஸ்ப்ரிங்க்ளர் (தீப்பிடித்தால் கூரையிலிருந்து தண்ணீர் தெளிக்கும் கருவி) இருக்கிறது என்பது அதில் கட்டடவாரியாக இருக்கும். 2000 ஜனவரியில் நியூ ஜெர்சியின் சீட்டன் ஹால் பல்கலைக்கழக டார்மில் தீப்பிடித்து 3 மாணவர்கள் இறந்தபோது அந்தக் கட்டடத்தில் ஸ்ப்ரிங்க்ளர் இல்லை. பத்து நிமிட வேலை, பார்த்துவிடுங்கள். போன பிறகு பக்கவாட்டுக் கதவில் செருப்பை முட்டுக் கொடுக்கும் ஆளாக மட்டும் இருக்காதீர்கள்; நான் ராத்திரி ரவுண்டில் எடுத்த செருப்புகளை வைத்து ஒரு கடையே போடலாம்.

யாரிடம் கேட்பது, என்ன கேட்பது

அங்கே இப்போது இரண்டாம் வருடம் படிப்பவரைப் பிடியுங்கள். "நல்ல டார்மா?" என்று கேட்டால் எல்லோரும் தங்கள் டார்மைத்தான் உசத்தியாகச் சொல்வார்கள். கேள்வியை மாற்றுங்கள். ஞாயிறு ராத்திரி வாஷிங் மெஷின் காலியாகக் கிடைக்குமா? எத்தனை பேருக்கு எத்தனை மெஷின், எந்த மாடியில்? புதன்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு லவுஞ்சில் ஆள் இருக்குமா? லிஃப்ட் அடிக்கடி நிற்குமா? பக்கத்தில் ஏதாவது கட்டடம் கட்டுகிறார்களா? (காலை ஏழுக்கே துளை போட ஆரம்பிப்பார்கள்.) இப்படிக் கேட்டால் ஆள் யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிடுவார்.

கடைசியாக வரிசைப்படுத்தும்போது ஐந்து இடத்திலும் எல்லோரும் ஆசைப்படும் ஐந்து கட்டடங்களைப் போட்டால், ஐந்தும் கிடைக்காமல் மிச்சம் இருப்பதில் ஒன்றில் தள்ளிவிடுவார்கள். முதல் இரண்டு ஆசைக்கு, மூன்றாவதும் நான்காவதும் "இதுவும் சரிதான்" என்று தோன்றுவது, ஐந்தாவது யாரும் சீந்தாத, ஆனால் தூரம் ஒத்துவரும் ஒரு பழைய கட்டடம். சில போர்ட்டல்கள் கட்டடம் முக்கியமா, அறை வகை முக்கியமா, ரூம்மேட் முக்கியமா என்று தனியாகக் கேட்கும். கட்டண வித்தியாசம் வீட்டுக்கு பாரம் என்றால் அறை வகையை முதலில் போடுங்கள், இல்லையென்றால் கட்டடம்.

ஒதுக்கீடு வந்து பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே மெயில் எழுதிச் சண்டை போட வேண்டாம். காத்திருப்போர் பட்டியல் இருந்தால் பெயரைக் கொடுங்கள். பல இடங்களில் வகுப்பு தொடங்கி முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு அறை மாற்றமே கிடையாது, அதன் பிறகுதான் காலி அறைகளைத் திறப்பார்கள். என்னிடம் முதல் வாரமே மாற்றம் கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர் மூன்றாவது வாரம் அந்தப் படிவத்தை வாங்க வரவேயில்லை.

அப்புறம் பெட்ஷீட். டார்ம் கட்டில்கள் பெரும்பாலும் ட்வின் எக்ஸ்.எல்., 38 அங்குல அகலம், 80 அங்குல நீளம். சாதாரண ட்வின் ஷீட் ஐந்து அங்குலம் குறையும், ராத்திரி மூலை கழன்று முதுகுக்கடியில் சுருண்டு கிடக்கும். சில கட்டடங்களில் சாதாரண ட்வின் கட்டிலே இருப்பதும் உண்டு, அதனால் உங்கள் கட்டடத்துப் பக்கத்தில் அளவைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.